நான்கு மணி நேரத் தண்ணீர்

மலையில் விடுதி நடத்துகிறேன் என்று சொன்னவுடன் கேட்பவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். "கொடுத்து வைத்தவர் நீங்கள்! ஆண்டு முழுவதும் குளிர்காற்று, குருவிச் சத்தம், கையில் ஒரு கோப்பைக் காபி" என்பார். காபி உண்மைதான். ஏனையவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதலாமென்று நினைக்கிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டு. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் விளைந்த ஆரஞ்சையும் மலைவாழையையும் வாங்கிச் சமவெளிச் சந்தைகளுக்கு அனுப்பி வந்தார் என் நன்னா. குதிரை முதுகில் பொதியேற்றி இறக்கிய காலம் அது. அத்தா காலத்தில் அங்கேயே மூன்று ஏக்கர் காபித் தோட்டம் வாங்கினோம். ஆரஞ்சு மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. வாழையை முடிக்கொத்து நோய் வாட்டியது. காபி விலையோ ஒரு வருடம் சிரிக்கும், மறு வருடம் அழும். எனவே 2012ஆம் ஆண்டு தோட்டத்தின் மேட்டுப் பகுதியில் இரண்டு குடில்கள் கட்டினேன். ஒவ்வொன்றிலும் நால்வர் தங்கலாம். ஊரார் அவற்றைக் "காட்டேஜ்" என்கிறார்கள். என் தாயாரோ இன்றுவரை "வாடகை வீடு" என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் நாள் சுபுஹுத் தொழுகையோடு தொடங்குகிறது. தொழுது முடித்ததும் நான் செய்யும் முதல் வேலை வெந்நீர் பாய்லருக்கு நெருப்பு மூட்டுவது. கவாத்து செய்த காபிக் கிளைகளும் சில்வர் ஓக் மரத்தின் காய்ந்த கொம்புகளுமே விறகு. மழைக்காலத்தில் அவை ஈரமாகிவிடும். அப்போது வெந்நீர் வருவதற்கு முன் என் கண்ணில் நீர் வந்துவிடும். அதற்குள் என் மனைவி மாவுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்திருப்பாள். இட்லி மாவு புளிப்பது சமவெளியில் ஒரு செய்தியே அன்று. இங்கே மார்கழி, தை மாதங்களில் அது ஒரு கவலை. பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, பாய்லர் அறையின் ஓரத்தில் குழந்தையைப் படுக்க வைப்பதைப் போல் வைக்க வேண்டும். அப்படியும் பொங்காத நாளில் விருந்தினருக்கு உப்புமாதான். உப்புமாவைக் கண்டு முகம் மலர்ந்த விருந்தினர் ஒருவரைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை.

விடுதி நடத்துவோர் எல்லோருக்கும் பொதுவான பகை ஒன்று உண்டு; அது படுக்கை விரிப்பு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இங்கே மழை நின்றால் மூடுபனி, மூடுபனி விலகினால் மழை. துவைத்த விரிப்பு மூன்று நாளானாலும் காய்வதில்லை. ஆகவே கட்டிலுக்கு மூன்று சோடி வைத்திருக்கிறோம். ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில். கொடியென்றால் வெளியிலன்று, அதே பாய்லர் அறையில்தான். புகை வாசனை துணியில் ஏறிவிடும். "இதென்ன வாசனை?" என்று கேட்ட சென்னைப் பெண்மணி ஒருவர், விறகுப் புகை என்றறிந்ததும், தம் பாட்டி வீட்டு வாசனை இதுதானென்று சொல்லி அதே விரிப்பை மாற்ற வேண்டாமென்றார். எல்லோரும் அவரைப் போல் இருப்பதில்லை. மழை விட்டு வெயில் வரும் நாட்களில் விரிப்புகளைக் களத்தில் உலர்த்தலாமென்றால், அப்போது காபிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும். களம் முழுவதும் காபி. அரையாண்டு விடுமுறையும் அதே சமயத்தில் வருவதால், வெயில் யாருக்கு, விரிப்புக்கா காபிக்கா என்று எனக்கும் என் மனைவிக்கும் ஆண்டுதோறும் ஒரு வழக்கு நடக்கும். தீர்ப்பு பெரும்பாலும் அவள் பக்கமே.

வருகிறவர்கள் பலதரத்தார். வண்டியிலிருந்து இறங்கியதும் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்குமா என்று கேட்பவர் பாதிப்பேர். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரண்டு, இறங்கியதும் எலுமிச்சம்பழம் கேட்பவர் மீதிப்பேர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து நம் குடும்பத்தார் நிறைய வருகிறார்கள். கோழியை நம்பிச் சாப்பிடலாம் என்பது அவர்களுக்கு ஒரு நிம்மதி. அவர்களுக்காக ஒவ்வொரு குடிலின் சுவரிலும் கிப்லாத் திசையைக் காட்டும் சிறிய அம்புக்குறி ஒன்றை வரைந்து வைத்திருக்கிறேன். ஒரு முறை கோயம்புத்தூர்க் குடும்பமொன்று தங்கியிருந்தது. ஊருக்குப் புறப்படும்போது அந்த வீட்டுப் பெரியவர் என்னைத் தனியே அழைத்து, "தீ விபத்து நேர்ந்தால் தப்பிக்கும் வழியென்று அம்புக்குறி போட்டிருக்கிறீர்களே, அந்தப் பக்கம் சுவர்தானே இருக்கிறது?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார். அடுத்த ஆண்டு மீண்டும் வந்தபோது அம்புக்குறியை நலம் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே சென்றார்.

ரமளானில் நாங்கள் நோன்பிருக்க, விருந்தினருக்குப் பகல் உணவு ஆகிக்கொண்டிருக்கும். அந்த முப்பது நாளும் உப்புப் பார்ப்பது உதவிக்கு வரும் பக்கத்து வீட்டு அக்காவின் பொறுப்பு. தம் வீட்டில் இல்லாத அதிகாரம் இங்கே கிடைப்பதாக அவர் சொல்லிக்கொள்வார்.

இரவில் காட்டெருமை தோட்டத்துக்குள் வரும். படம் எடுக்கலாமென்று பின்னால் போகத் துடிக்கும் இளைஞர்களைக் கைபிடித்து நிறுத்துவது, குரங்கு எடுத்துப்போன மூக்குக் கண்ணாடிக்குப் பதில் சொல்வது, மழைநாளில் காலில் ஏறிய அட்டைக்கு உப்புத் தூவுவது ஆகியவை நித்திய கடமைகள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரங்கள் சாய்ந்து மின்சாரமற்றுக் கிடந்தோம். இவையெல்லாம் சொன்னால் கதையாகும், கேட்பதற்கும் நன்றாயிருக்கும். ஆனால் எனக்கு உறக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. அது தண்ணீர்.

எங்கள் நிலத்துக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஊற்று இருக்கிறது. அங்கிருந்து கறுப்புக் குழாயொன்று மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே நீரைக் கொண்டுவருகிறது. மோட்டார் இல்லை, மின்சாரச் செலவும் இல்லை. அதில் ஆறு குடும்பங்களுக்குப் பங்கு. ஆளுக்கு நான்கு மணி நேரம். எங்கள் முறை நள்ளிரவு 12 மணி முதல் 4 மணி வரை. இந்த ஏற்பாட்டுக்குப் பத்திரமில்லை, முத்திரையில்லை. அத்தா காலத்தில் ஐந்து வீட்டுப் பெரியவர்களும் அவரும் ஊற்றங்கரையில் நின்று பேசிக்கொண்டதுதான். என் நினைவறிந்த வரையில் யாரும் முறை தவறியதில்லை.

கார்த்திகையில் அந்தக் குழாயின் கீழ் 15 லிட்டர் வாளியை வைத்தால் அரை நிமிடத்தில் வழிந்துவிடும். சித்திரையில் அதே வாளி நிறைய ஐந்து நிமிடமாகும். நானே கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாளியென்றால் மணிக்கு 180 லிட்டர். நான்கு மணி நேரத்துக்கு 720 லிட்டர். நகரத்திலிருந்து வரும் ஒருவர், ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடிக் குளிப்பவராயின், நாளொன்றுக்கு 150 லிட்டருக்குக் குறையாமல் செலவழிக்கிறார். இரண்டு குடிலும் நிறைந்தால் எட்டுப் பேர், 1,200 லிட்டர். விரிப்பு துவைப்பதும் எங்கள் வீட்டுச் செலவும் இதில் சேரவில்லை. கோடை மழை ஒரு பாட்டம் அடித்தாலும் அது மண்ணில் இறங்கி ஊற்றுக்கு வந்து சேர நாள் பிடிக்கும். வேடிக்கை என்னவென்றால், விருந்தினர் அலையலையாக வருவதும் அதே சித்திரை, வைகாசியில்தான். ஊர் காய்ந்தால்தானே மலையை நாடி வருகிறார்கள்! ஊற்று நிறைந்து வழியும் நாட்களில் குடில்கள் வெறிச்சோடிக் கிடக்கும். ஊற்று இளைத்துச் சொட்டும் நாட்களில் வாசலில் மூன்று வண்டிகள் நிற்கும்.

நாங்கள் தண்ணீரை இப்படிக் கணக்கிடத் தொடங்கியதற்கு 2020ஆம் ஆண்டு காரணம். மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. முன்பணம் கொடுத்தவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடில்களைப் பூட்டினோம். ஆள் இல்லாத வீட்டுக்கு ஏது நீர்ச்செலவு? எங்கள் முறையில் வந்த நீரில் ஒரு மணி நேரம் போதுமென்று எடுத்துக்கொண்டு, மீதி மூன்று மணி நேரத்தைக் கீழ்ப்பக்கத்துப் பங்காளியான பெரியவரிடம் கொடுத்தேன். அவர் பல ஆண்டுகளாகக் கோடையில் தரிசாகப் போட்டிருந்த அரை ஏக்கரில் பீன்ஸ் போட்டார். சித்திரை வெயிலில் அந்த நிலம் பச்சையாகக் கிடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். வருமானமின்றி நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த அந்த நோன்புக் காலத்தில், வாரம் ஒரு முறை எங்கள் திண்ணையில் ஒரு கூடை பீன்ஸ் இருக்கும். "எதுக்கு அண்ணே இவ்வளவு?" என்றால், "ஒங்க தண்ணியில வெளஞ்சது ராவுத்தரே" என்பார்.

ஊரடங்கு முடிந்து விருந்தினர் திரும்பினார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆவலில் முன்னைவிட அதிகமாகவே வந்தார்கள். நான் கேட்காமலே பெரியவர் எங்கள் முறையைத் திருப்பித் தந்துவிட்டார். அரை ஏக்கர் மீண்டும் தரிசாயிற்று. அதைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல எளிதாயிருந்திருக்கும்; முறை எங்களுடையதுதானே!

2022 மே மாதத்தில் ஒரு மாலை, மேல் குடிலின் தொட்டி வற்றிவிட்டது. அங்கே தங்கியிருந்தவர், "பணம் கொடுத்திருக்கிறோமே" என்றார். அவர் கோபப்படவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். என் மனைவி எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்த நான்கு குடங்களையும் அவருக்குக் கொடுத்துவிட்டாள். அன்றிரவு எங்கள் வீட்டில் இருந்தது, என் நன்னா வுளூச் செய்யப் பயன்படுத்திய பித்தளைச் செம்பில் ஒரு செம்பு நீர். குழாயில் வுளூச் செய்து பழகிய என் மக்கள், அந்த ஒரு செம்பில் ஒருவர் எப்படி வுளூவை முடிக்க முடியுமென்று வியந்தார்கள். தாயார் செய்து காட்டினார்கள். செம்பில் மிச்சமும் இருந்தது.

வந்திருந்த மச்சான் ஒரு யோசனை சொன்னார். "ஆழ்குழாய்க் கிணறு போட்டுவிடுங்கள் மச்சான். மூன்றாவது குடிலும் கட்டலாம். நான் பணம் தருகிறேன்." நல்ல மனதோடு சொன்ன யோசனை. ஆனால் மலையில் துளை போடுவது சமவெளியில் போடுவதைப் போன்றதன்று. நமக்கு அகப்படும் நீர் எந்தப் பாறையிடுக்கின் வழியே எந்த ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்ததோ, யார் கண்டது? எங்கள் நிலம் மேல்பக்கம். கீழே ஐந்து வீடுகள். லாரித் தண்ணீர் வாங்கலாமென்றும் பேச்சு வந்தது. அந்த லாரி வேறு யாருடைய ஓடையில் நிரப்பிக்கொண்டு வருகிறதோ என்றாள் என் மனைவி.

அந்த இரண்டு மாத வருமானம் எங்களுக்கு ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. மூத்த மகளின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே ஒரு வாரம் இரவெல்லாம் கணக்குப் போட்டோம். ஷவர்களைக் கழற்றிவிட்டு வாளியும் குவளையும் வைத்தால் ஆளுக்கு 80 லிட்டரில் முடியும். நால்வருக்கு 320. மீதி 400 லிட்டரில் எங்கள் வீடும் விரிப்புகளும் சமாளிக்கலாம். எட்டுப் பேருக்கு 640. எங்கள் வீட்டுக்கு மிஞ்சுவது 80. இதில் யோசிக்க என்ன இருக்கிறதென்று கேட்டாள் மனைவி. "ஒரு குடிலைப் பூட்டிவிடுவோம். தண்ணீர் இல்லையென்று விருந்தாளியிடம் சொல்வதைவிட, இடம் இல்லையென்று சொல்லிவிடலாம்."

2023 முதல் சித்திரை பிறந்ததும் மேல் குடிலைப் பூட்டிவிடுகிறோம். மழை இறங்கி வாளி ஒரு நிமிடத்தில் நிறையும் நாள் வரை திறப்பதில்லை. மூன்றில் ஒரு பங்காக இருந்த வருமானம் பாதியாகிவிட்டது. அதை ஈடுசெய்யக் காபியை மொத்த வியாபாரியிடம் போடாமல், நாங்களே வறுத்து அரைத்துத் தங்க வருபவர்களிடம் விற்கிறோம். முழுவதும் ஈடாகவில்லை. மகளின் கட்டணத்துக்கு இருமுறை நகை அடகுக்குப் போய்த் திரும்பியது. மூன்றாம் முறை போனது இன்னும் திரும்பவில்லை. மச்சானுக்கு இதில் இன்றும் வருத்தம்தான். ஷவர் இல்லையென்று குறைப்பட்டுக்கொள்ளும் விருந்தினரும் உண்டு. பிள்ளைகளுக்குக் குவளையில் மொண்டு குளிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன தாய்மார்களும் உண்டு.

பெரியவருக்கு எங்கள் முறையிலிருந்து ஒரு மணி நேரமாவது கொடுக்க வேண்டுமென்று எனக்கு ஆசை. கணக்கில் இடமில்லை. ஆனால் குடிலில் யாரும் தங்காத வாரநாட்களில் மிஞ்சுவதை அவர் தொட்டிக்குத் திருப்பிவிடுகிறேன். அரை ஏக்கருக்கு அது காணாது. வீட்டுக் கொல்லையில் நாலு பாத்தி பீன்ஸ் போட்டிருக்கிறார். விதைக்கென்று விட்ட நெற்றுகள் பூட்டிய குடிலின் திண்ணையில் காய்கின்றன; அங்கேதான் வெயில் நன்றாக விழுகிறதாம்.

பங்குனி மாதம் முதலே தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். "மே மாதம் இரண்டாம் வாரம், இரண்டு குடிலும் வேண்டும், வாடகை எவ்வளவானாலும் சரி" என்பார்கள். ஒன்றுதான் உண்டு, அதுவும் வாளிக் குளியல்தான் என்று சொல்வேன். "இரண்டும் வேண்டுமானால் ஆகஸ்டில் வாருங்கள், ஊற்று நிறைந்திருக்கும்" என்றும் சொல்லிப் பார்ப்பேன். ஆகஸ்டில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குமே என்கிறார்கள். இருக்கத்தான் செய்யும்.