பாரம் எங்கே உட்காருகிறது?

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு தெரு நடந்துவிடுவீர்கள். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்து பாருங்கள், தெரியும்! கனம் ஒன்றுதான், அது உட்காரும் இடம்தான் வேறு. அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து மோட்டார்ப் பட்டறை ஒன்றில் நான் கண்டதும் இதே கணக்குத்தான்.

குதிரையேறி மூன்று பீப்பாய்களைச் சுற்றிப் பாயும் பந்தயம் அந்த ஊர்ப் பெண்களுக்கு உயிர். 1948-ஆம் ஆண்டிலேயே ஸான் ஆஞ்சலோ நகரில் 38 பெண்கள் கூடி, தங்களுக்கென்று ஒரு ரோடியோ சங்கம் கண்டவர்கள் ஆயிற்றே! குதிரைகளை டிரெய்லரில் ஏற்றி, பிக்கப் வண்டியில் பூட்டி, ஊர் ஊராகத் தாங்களே ஓட்டிப் போகிறார்கள். ஒரு குதிரையே சுமார் 1,000 பவுண்டு.

இத்தகைய டிரெய்லரின் முன்பகுதி வாத்தின் கழுத்தைப் போல வளைந்து எழும்பி, பிக்கப்பின் பின்தளத்தில் உள்ள ஓர் இரும்புக் குண்டின்மேல் இறங்குகிறது. அதனால்தான் 'கூஸ்நெக்' என்று பெயர். குண்டின் குறுக்களவு 2 5/16 அங்குலம். நல்ல எலுமிச்சம்பழம் போல இருக்கும்.

நான் போனபோது ஒரு பெண்மணி, தம் வண்டியின் பின்பெட்டியைக் கழற்றிவிட்டு, பக்கச் சுவரில்லாத தட்டை மேடை ஒன்றைப் பொருத்தச் சொல்லியிருந்தார். சுவர் இல்லையென்றால் பூட்டக் கையெட்டும். திருப்பத்தில் டிரெய்லர் சுவரில் இடிக்காது. மேடையின் பளபளப்பில் நான் மயங்கி நிற்க, அந்த அம்மாளோ தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்தார்!

"எல்லாம் சரியாக இருக்கிறது, அம்மணி" என்றார் மெக்கானிக்.

"பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார் அவர்.

அப்படி என்ன பார்த்தார்? குண்டைத் தாங்கும் இரும்பு, மேல்தகட்டோடு நின்றுவிடாமல், வண்டியின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறதா என்று. குண்டு, பின் அச்சுக்கு நேர்மேலோ சில அங்குலம் முன்னாலோ இருக்கிறதா என்று. அது பின்னால் தள்ளிப் போனால் முன்சக்கரங்கள் லேசாகிவிடும்; பிறகு ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

கணக்கும் போட்டார். 10,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 2,000 முதல் 2,500 பவுண்டு வரை பிக்கப்பின் தலையில் விழும். மேடையின் கனமும் அதோடு சேரும். ஓட்டுபவர் பக்கத்துக் கதவு நிலையில் ஒட்டியுள்ள சீட்டு சொல்லும் அளவை அது தாண்டலாகாது. பின்விளக்குகள், எண்ணெய் ஊற்றும் வாய் எல்லாம் மேடையில் புதிதாகப் பொருந்தியிருக்கின்றனவா என்பதையும் அவர் விடவில்லை.

வாடகைக்குச் சரக்கேற்றும் டிரெய்லர் அறுந்துபோனால், அதன் பிரேக் தானாகப் பிடித்து 15 நிமிஷமாவது நிற்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. தம் சொந்த டிரெய்லரிலும் அந்த பாட்டரியைச் சோதித்துவிட்டுத்தான் அவர் பணம் கொடுத்தார். சில நூறு மைல் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டுமாம், அதையும் குறித்துக்கொண்டார்.

"இத்தனை சந்தேகமா?" என்று நீங்கள் கேட்கலாம். பின்னால் நின்றுகொண்டு வரப்போகும் அந்த வாயில்லா ஜீவன்களுக்கு டார்ச் அடித்துப் பார்க்கத் தெரியாதே!