களையும் கன்றும்

களைகள் உவமையை நாம் எத்தனை முறை மறையுரையில் விளக்கியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. கோதுமையோடு முளைத்த களையைப் பறிக்கத் துடிக்கும் பணியாளரை நிலக்கிழார் தடுக்கிறார். களையோடு கோதுமையும் வேரோடு வந்துவிடுமே என்று அஞ்சுகிறார். குருமடத்தில் அப்பகுதியின் கிரேக்கச் சொற்களைக்கூட மனப்பாடம் செய்தோம். ஆயினும் பழனி மலைமேல் பங்குப் பணியில் இருந்தபோது, அந்த அவசரக்காரப் பணியாளராக நாமே ஆகிப்போனோம்.

கொடைக்கானல் பக்கத்து மலைகளைக் கண்டவர் அறிவர்: மேற்பரப்பின் இயற்கைக் கோலம் புல்வெளியும், அதன் மடிப்புகளில் ஒடுங்கிய சோலைக்காடுமே. பெய்யும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிக் கோடையிலும் ஓடைகளில் கசியவிடுபவை இவை. கீழே வைகையை நம்பி வாழும் உழவருக்கும் இதில் பங்குண்டு. இப்புல்வெளிகளில்தான் ஆஸ்திரேலியாவின் வாட்டிலும் தைலமரமும், அவற்றோடு பைனும் நடப்பட்டன. வாட்டில் பட்டை தோல் பதனிட உதவியது. நட்டவர்களைக் குறைசொல்ல மனமில்லை. புல்வெளியைத் தரிசு என்று எண்ணிய காலம் அது. காட்டைக் காப்பதே முதன்மை என்னும் நோக்கு 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையில்தான் தெளிவாக வந்தது. இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு இம்மலையின் செடிகொடிகளை ஆராய்ந்து நூலாக்கியவர். நாமோ அத்தகைய நூல்களைத் தொலைவிலிருந்து வணங்கியதோடு சரி.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். அதை இளைஞர் குழுவோடு வாசித்த சூட்டில், வனத்துறையினரின் இசைவு பெற்று, மாதம் ஒரு சனிக்கிழமை சோலை ஓரத்து வாட்டிலை அகற்றப் புறப்பட்டோம். கூலி கிடையாது, மதியம் தக்காளிச் சோறு மட்டும். ஆர்வம் அறிவை முந்தியது. வாட்டில் கன்றுகளைப் பறித்ததோடு நில்லாமல், அடியிலிருந்த புதரையெல்லாம் அரிவாளால் சீவி, கோயில் முற்றம்போல் துப்புரவாக்கினோம். நின்று படம் எடுத்துக்கொண்டதையும் ஒளிக்கவேண்டியதில்லை.

விறகு சுமந்து அவ்வழி வந்த மூதாட்டி ஒருவர், நம் பங்கைச் சேர்ந்தவர்தாம், சுமையை இறக்கி வைத்தார்.

“என்ன சாமி, சோலைக் கண்ணையும் சேத்து அறுத்துட்டீங்களே!”

குவியலைக் கிளறி ஒன்றை எடுத்துக் காட்டினார். காட்டு நாவல், விரலளவுத் தண்டு, செந்தளிர். வாட்டிலின் நிழலிலேதான் அது தலைதூக்கியிருந்தது.

“நிழலு இருந்தாத்தான் இது வரும். வெயிலு விழுந்தா வாட்டில்தான் வரும். நாங்க நட்டது சாமி, எங்களுக்குத் தெரியாதா?”

இளமையில் நாட்கூலிக்கு அக்கன்றுகளை நட்டவர் அவர். இன்று அதன் விறகால் உலை வைப்பவரும் அவரே. “காட்டைக் காப்பாத்துங்க, வேணாங்கல. எங்க அடுப்புக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றபோது நம்மிடம் மறுமொழி இல்லை.

அடுத்த மழையில் அவர் சொன்னபடியே நடந்தது. வாட்டில் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும்; மண் கிளறப்பட்டு வெயில் பட்டால் முளைக்கும். நாம் துப்புரவாக்கிய இடம் நெல் நாற்றங்கால்போல் பச்சை பிடித்தது.

உவமையை இங்கே அப்படியே பொருத்திவிடவும் இயலாது. அறுவடைவரை காத்திருக்கச் சொல்கிறது அது. புல்வெளியில் வாட்டில் பரவும்போது காத்திருந்தால் புல்வெளியே மிஞ்சாது. அங்கே பறித்தே ஆகவேண்டும். சோலை தன் கன்றுகளை வாட்டில் நிழலில் வளர்க்கும் இடத்திலோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். எது எங்கே என்று அறிய அம்மலையில் நடந்து பழகிய கால் வேண்டும். குருமடத்தில் அதற்குப் பாடவேளை இல்லை.

பின்னர் மூதாட்டியே முன்னே நடந்தார். மழை பெய்து மண் இளகிய நாள்களில் மட்டும் சென்றோம், அரிவாள் கூடாதென்றார். சோலைக் கன்று ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கல்லை வைப்பார். கல்லில்லாத இடத்தில் இளைஞர் கையால் பறிப்பர். புல்வெளியில் அகற்றிய வாட்டிலைப் பெண்கள் விறகுக்கு எடுத்துக்கொள்ள அலுவலர் ஒருவர் இசைந்தார். அடுப்புக் கேள்விக்கு அது பாதி விடைதான். முப்பது பேராய்த் தொடங்கிய குழு ஒன்பதாயிற்று; படம் எடுக்க ஏதுமில்லாத வேலை அல்லவா! நாம் மாற்றலாகிக் கீழே இறங்கிய ஆண்டிலும், முதலில் நாம் சீவிய அந்தத் துண்டு நிலத்தில் அவர்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.