ஓரணாச் சிற்றுண்டி

நகரசபை அங்கத்தினரின் வேலை பெரும்பாலும் சாக்கடை, தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், குப்பை வண்டி ஆகியவற்றோடு கழிவது. அதில் புகழுக்கு இடம் குறைவு. ஆதலாற்றான் சர். பிட்டி தியாகராய செட்டியாரைப் பற்றிப் பேசுவோர், 1916-ல் டாக்டர் டி. எம். நாயர் முதலியோருடன் அவர் நீதிக் கட்சியைத் தோற்றுவித்ததையும், 1920-ல் தம்மை நாடி வந்த முதன்மந்திரிப் பதவியை மறுத்ததையும் விரித்துரைக்கின்றனர். 1882 முதல் 1922 வரை சென்னை நகரசபையில் அவர் அமர்ந்திருந்த நாற்பதாண்டுகளையோ ஒரு வரியில் முடித்து விடுகின்றனர். நமக்கு அந்த நாற்பதாண்டுகளே பெரியனவாகத் தோன்றுகின்றன.

ஒருவர் ஒரே சபையில் நாற்பதாண்டு உட்கார்ந்திருப்பது எளிதன்று. வருவோரும் போவோரும் மாறுவர்; தீராத வழக்குகள் மட்டும் மாறா. நெசவுத் தொழிலும் வாணிபமும் உடைய செல்வர், வீட்டில் சுகமாயிருந்திருக்கலாம். அவர் மேசையை விட்டு எழவில்லை. 1919-ல் அச்சபையின் தலைவருமானார்.

நாம் சொல்ல வந்தது அவருடைய தலைமையில் நடந்த ஒரு சிறு காரியம். 1920 செப்டம்பர் 16-ந் தேதி சென்னை நகரசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள நகரசபைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்க வேண்டும். செலவு தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவை மிஞ்சலாகாது. பிள்ளைகளின் வறுமையே பள்ளியின் தொகையைக் குறைக்கிறது என்று தலைவர் எடுத்துரைத்தார். இதனால் அவருக்கு ஒரு வாக்குக்கூட மிகுந்திராது. வரி செலுத்துவோர்க்கே வாக்குரிமை இருந்த காலம் அது. அப்பிள்ளைகளின் பெற்றோருள் வரி கட்டுவோர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் தாய் வைத்துப் போன வெறுங் காப்பியோடு வந்த பிள்ளை, பத்து மணியானதும் பலகையின்மேல் தலை சாய்வதை அவர்கள் கண்டிருப்பர். வாத்தியார் அதைச் சோம்பல் என்பார்.

நிற்க. அத்திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23-ல் அவ்வைந்து பள்ளிகளிலும் 811 பேர் படித்தனர். 1924-25-ல் 1,671 பேர். எந்தப் பிரசங்கமும் எந்த அபராதமும் செய்யாததை ஓரணா செய்தது.

பிறகு வந்தது கணக்குத் தடை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்தல், 1920-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டப்படி செல்லாது என்று அரசாங்கம் மறுத்து விட்டது. கிராணி வேலை பார்க்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. பணம் பெட்டியில் இருக்கும். தேவையும் கண்ணெதிரே நிற்கும். பற்றெழுதத் தலைப்பு இல்லையென்றால் பேரேடு திறவாது. உறுதியான நிதி ஏற்பாடின்றித் தொடங்கியது செட்டியாரின் குறையே என்பாரும் உளர். அப்படியே வைத்துக் கொள்வோம். நிதிக்கு உறுதி கிடைக்குமட்டும் காத்திருந்தால், அந்த 1,671 பேரில் பாதிப்பேர் தெருவிலே நின்றிருப்பர்.

இவ்விடத்தில் நம் நாட்டு நிலையையும் எண்ணாதிருக்க முடியவில்லை. ஜார்ஜ் டவுன் நகரசபைக்கு டி. எஸ். இராமநாதன் மேயராயிருந்த காலம் இங்கும் உண்டு. 1965-ல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் ஆராய்ந்த அரச ஆணையம் தேர்தல் வேண்டுமென்றே பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டமோ நியமனத்தையே நிலைநாட்டிற்று. நியமனம் பெற்றவருள் நல்லவர் இல்லையென்பது நம் கருத்தன்று. ஓரணாக் கேட்க விரும்பும் ஏழை எவர் வாசலுக்குச் செல்வான் என்பதே நம் கேள்வி.

சென்னையில் அச்சிற்றுண்டி 1925 ஏப்ரல் 1-ந் தேதி நின்று போயிற்று. செட்டியாரும் அவ்வாண்டிலேயே மறைந்தார். பள்ளிகளில் தொகை மீண்டும் குறைந்தது. மாகாணம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு கிடைக்க 1956-ல் காமராசர் வர வேண்டியிருந்தது. காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022-ல் வந்தது. இம்முறை செலவை அரசாங்கமே ஏற்றுக் கொண்டது.