கணுவில் விட்ட வேர்

மாசி 4

இரவெல்லாம் காலம் தப்பின மழை. வெட்டுக்கு நிற்கும் வேளாண்மைக்காரர் வானத்தைத் திட்டுகிறார்கள். எனக்கு வளவுக் கோடியில் நிற்கும் பூசணிதான் கவலை. பெரிய காய் பிடித்திருக்கும் கொடியின் அடித்தண்டில் பழுப்புப் பிசின் கசிந்து உறைந்திருக்கிறது. தண்டு நீளவாக்கில் வெடித்து, ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி. வயலோரப் பாத்தியில் வேறு நோய்: மண்மட்டத்தில் வெள்ளைப் பூஞ்சணம், அதில் கடுகளவு பழுப்பு மணிகள்.

பிசின் வடியும் அழுகல் மழைத்துளி தெறித்துப் பரவும், விதையோடும் வரும். கடுகுமணிக்காரன் மண்ணில் கிடப்பவன். ரோல்ஃப்ஸ் என்பவர் 1892 இல் புளோரிடாவில் தக்காளியில் கண்டு எழுதியதால் அவர் பெயரைச் சுமக்கிறான். மணிகள் மேல்மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வயலோரக் கொடியை வேர்மண்ணோடு கிளறி அகற்றியாயிற்று. வருகிற மாரியில் வரம்பை வெட்டி அந்தப் பாத்தியையும் வயலோடு சேர்த்துவிட வேண்டும். வாரக்கணக்கில் தண்ணீர் கட்டிக் கிடந்தால் மணிகள் பெரும்பாலும் செத்துப்போகும்.

மாசி 5

வெயில் ஏறின பிறகு கத்தியைக் கொதிதண்ணீரில் முக்கி, அழுகிய சதையைப் பச்சை தெரியும்வரை சுரண்டினேன். நிழல் போட்ட இலைகளை அகற்றினேன். பூசணி இலைக்காம்பு உள்ளே வெறும் குழல்; மொட்டையாக நறுக்கிவிட்டால் அதில் மழைநீர் தேங்கி, அழுகல் தண்டுக்கு இறங்கும். அதனால் அடியோடு ஒட்ட வெட்டவேண்டும். தண்டுக்கு அடியில் ஓட்டுத்துண்டு கொடுத்து மண்ணிலிருந்து தூக்கி வைத்தேன்.

விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்தார். “மருந்துத்தூள் பிறகு போடுவம் ஐயா. முதல்ல புண் காயட்டும்” என்றார். நல்ல புத்தி. ஈரப் புண்ணில் தூளை அப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

மாசி 7

கனடாவிலிருந்து மருமகன் கதைத்தான். அவனுக்கு இராட்சதப் பூசணிப் பைத்தியம். நோவா ஸ்கோஷியாவில் வின்ட்சர் ஊர் விவசாயி ஹோவார்ட் டில் உருவாக்கிய அட்லாண்டிக் ஜயன்ட் வம்சம் அது. 2023 இல் அமெரிக்கர் டிராவிஸ் ஜீஞ்சர் கலிபோர்னியாவில் நிறுத்துக் காட்டிய காய் 1,247 கிலோ! அதே வின்ட்சரில் பூசணியைக் குடைந்து உள்ளே ஏறி, ஏரியில் துடுப்புப் போட்டியும் வைத்திருக்கிறார்களாம். குருமண்வெளியில் ஆற்றைக் கடக்கப் பாதைப் படகுக்காகத் துறையில் காய்ந்து நிற்கும் நமக்கு இது தோன்றவில்லையே.

நோய் அங்கேயும் இதே நோய்தான், இன்னும் மோசம். அசுர வளர்ச்சியில் தண்டு தானே வெடிக்கிறது. வெடிப்பில் ஈரம், ஈரத்தில் அழுகல். அடித்தண்டுக்கு மின்விசிறி வைத்து இரவும் பகலும் காற்று அடிக்கிறார்களாம். எனக்கு ஆத்துக் காற்று சும்மா கிடைக்கிறது, குறுக்கே நிற்கும் இலையைத் தள்ளினால் போதும்.

“மாமா, விதை அனுப்பட்டா?”

“வேணாம் மனே. அனுமதி இல்லாம விதை எடுக்கக்கூடாது. நோயும் அதுக்குள்ள இருந்து வரும்.”

அவன் சொன்னதில் பயன்பட்டது வேறொன்று. கொடி ஓட ஓட அவர்கள் ஒவ்வொரு கணுவையும் மண்ணில் புதைத்துக்கொண்டே போகிறார்கள். கணுவில் இறங்கும் வேர் காய்க்குத் தனியாகத் தண்ணீர் கொடுக்கும். அடி அழுகினாலும் காய் பட்டினி கிடக்காது.

மாசி 8

புண்ணைவிட்டு எட்ட இருக்கும் கணுக்களுக்கெல்லாம் எருக்கலந்த மண் அணைத்தேன். தண்ணீர் இனிக் கணுக்களுக்குத்தான். அடியில் ஒரு சொட்டும் விழக்கூடாது.

மாசி 21

அடித்தண்டில் பாதி காய்ந்து தக்கையாகிவிட்டது. மறுபாதி போய்விட்டது, நார்தான் மிச்சம். மத்தியானத்தில் அடிப்பக்க இலைகள் துவள்கின்றன. கணுவில் வேர்விட்ட பகுதி மட்டும் நிமிர்ந்து நிற்கிறது, காயும் பழுதில்லை. ஒரு கணுவின் மண்ணை மெல்ல விலக்கிப் பார்த்தேன்: வெள்ளை வேர், நல்ல மொத்தம்.

காம்பு கட்டையானதும் வெட்டலாம். அயலில் விதை கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் வந்துபோனார்கள். காயில் பங்கு தருகிறேன், விதை தரமாட்டேன் என்று சொல்லியாயிற்று. ஒருவருக்கு முகம் கறுத்துவிட்டது.