உப்புக் காற்றும் மேலதிகச் சில்லின் உறையும்

யாழ்ப்பாணத் தீவகத்துக் கரைகளில் கூடாரம் அடித்துத் தங்கச் செல்வோர், வாகனத்தின் மேலதிகச் சில்லுக்கு உறை வாங்கும்போது, அது வெயிலையும் மழையையும் எவ்வளவு தடுக்கும் என்று பார்க்கின்றனர். உள்ளே புகுந்த ஈரத்தை அது வெளியேற விடுமா என்பதும் அதே அளவு கவனத்துக்குரியது. பண்ணைத் தாம்போதியால் வேலணைக்கு வந்து, சாட்டிக் கடற்கரைக்கோ புங்குடுதீவு ஊடாகக் குறிகட்டுவானுக்கோ செல்பவர்கள் தார் வீதியை விட்டு இறங்கினால், மணலும் முருகைக்கல்லும் பனங்கருக்கும் எதிர்ப்படும் அந்நிலத்தில் மேலதிகச் சில்லையே நம்பியிருக்க வேண்டியவர்களாகின்றனர்.

பின்கதவில் தொங்கும் அச்சில்லு ஓடாமலே முதுமை அடைகிறது. காற்றிலுள்ள ஓசோன், அதாவது மூன்று ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்த வாயு, இழுவிசைக்கு உட்பட்ட இறப்பரைத் தாக்கி வெடிப்புகளை உண்டாக்கும். அதைத் தடுப்பதற்காக ரயரில் கலக்கப்படும் மெழுகு, சில்லு உருண்டு நெளியும்போது மேற்பரப்புக்கு நன்கு வருவதால், சும்மா இருக்கும் ரயருக்கு அக்காப்பு குறைகிறது. ஆகவே வெயிலும் காற்றும் நேரே படாதவாறு மூடும் உறை அதற்கு இன்றியமையாதது.

பருத்திப் படங்கு காற்றோட்டம் தந்தாலும், ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் இற்றுப்போகும். வினைல் பூசிய பொலியெஸ்ரர் துணி நீண்ட காலம் உழைத்தாலும், ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். சோளகக் காற்று சுமந்துவரும் கடலுப்பு, ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கரையும் இயல்புடையதால், மழை பெய்யாத இரவிலும் உறையினுள் உப்புநீர் சேர்ந்து, ரயர் பொருந்தும் விளிம்பை அரித்துக் காற்றுக் கசியச் செய்யக்கூடும். எனவே பூச்சுள்ள துணியைத் தெரிவு செய்தாலும் அடிப்புறத்தில் வடிதுளைகளும், துருப்பிடிக்காத பிளாஸ்ரிக் பற்களாலான சிப்பும், பொலியெஸ்ரர் நூல் தையலும் இருத்தல் வேண்டும். தளர்ந்த உறை காற்றில் அடித்துத் தேயும் என்பதால் அளவும் முக்கியமானது: 265/70 ஆர் 16 என்ற ரயரில், அகலமான 265 மில்லிமீற்றரின் 70 சதவீதத்தை இருமடங்காக்கி, 16 அங்குல உள்விட்டத்தைக் கூட்டினால், வெளிவிட்டம் ஏறத்தாழ 78 சென்ரிமீற்றர் ஆகும்.

எனினும், மூடிய சில்லு எளிதில் மறக்கப்படுவதால், நல்ல உறையும் தன்னளவில் போதாது. நன்னீர் அருமையான தீவகத்திலும் ஈரத்துணியால் உப்பைத் துடைக்கச் சிறிதளவு நீரே போதும். பயணம் முடிந்ததும் உறையைக் கழற்றி உலர்த்தி, சில்லைத் துடைத்து, காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பவருக்கே அவ்வுறை முழுப் பயன் தரும்.