உளுந்துக்கும் பெயர் உண்டு

மீன்சுருட்டிப் பக்கம் நெல் விதை வாங்க வருபவர் பெயர் சொல்லித்தான் கேட்பார். பொன்மணி என்பார், வெள்ளைப் பொன்னி என்பார். அவரே உளுந்துக்கு வரும்போது, "பத்து கிலோ உளுந்து விதை குடுங்க" என்பதோடு சரி. வேளாண் துறையில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இது இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

கொள்ளிடக் கரையோர வயல்களில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தைத் தெளிப்பார்கள். உழவு கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான் தண்ணீர். எழுபது, எழுபத்தைந்து நாளில் வீட்டு இட்லிக்கும் ஆச்சு, கைச்செலவுக்கும் ஆச்சு.

இதைக் கெடுக்க வருவது மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். இலையில் அங்கங்கே மஞ்சள் திட்டு விழும், பிறகு செடியே மஞ்சளாகிவிடும். இளம் செடியில் வந்தால் காய் பிடிக்காது.

ஒரு வருடம் பெரியவர் ஒருவர் அப்படியொரு செடியைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, புகையானுக்கு மருந்து எழுதிக் குடுக்கற. இதுக்கு ஒண்ணு எழுதிக் குடேன்" என்றார். "பெரியப்பா, இந்த வைரஸுக்கு மருந்தே கிடையாது. ஈயைத்தான் கட்டுப்படுத்தலாம். மத்தபடி வைத்தியம் விதையிலதான் இருக்கு" என்றேன். அவர் விதைத்திருந்தது யாரோ வியாபாரி மூட்டையிலிருந்து அளந்து கொடுத்த தானியம். என்ன ரகம் என்று கேட்டேன். "உளுந்துதான்" என்றார்.

விதைக்குள் இருக்கும் அந்த வைத்தியத்தைத் தேடுகிற இடம் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி பக்கத்தில் உள்ள வம்பன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் அங்குதான் இருக்கிறது. உளுந்து தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். ஒட்டுச் சேர்க்க வேண்டுமென்றால், மலராத மொட்டைச் சாயங்காலம் ஊசி முனையால் பிரித்து மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, மறுநாள் காலை வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். மொட்டோ மிகச் சிறியது. பத்தில் ஒன்றிரண்டு காய் நின்றாலே மகிழ்ச்சி.

அந்தச் சில விதைகளிலிருந்து வரும் சந்ததிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்து வர வேண்டும். நோய் வராத வயலில் விதைத்துப் பார்த்தால் எது தாங்கும் என்று தெரியாது. அதனால் சோதனை வரிசைகளுக்கு நடுவே நோய்க்கு எளிதில் ஆளாகும் கோ 5 ரகத்தை வேண்டுமென்றே விதைத்து, நோயை வரவழைத்துப் பார்ப்பார்கள். ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண். ஒன்று வாங்கினால் நல்ல பிள்ளை. நோய் தாங்கினால் மட்டும் போதாது. மகசூலும் வேண்டும், காய் ஒரே சமயத்தில் முற்றவும் வேண்டும். பிறகு பல ஊர்ச் சோதனை, உழவர் வயல் சோதனை. ஒரு ரகம் வெளியே வரப் பத்து வருடம் ஆகலாம்.

வம்பன் 3 ரகத்தைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்ட வம்பன் 8 அப்படித்தான் 2016-இல் வந்தது. அதே வருடத்தைத்தான் ஐக்கிய நாடுகள் சபை பயறு ஆண்டாக அறிவித்திருந்தது. 2020-இல் வம்பன் 11 வந்தது.

எட்டு வந்த பிறகு பதினொன்று எதற்கு என்று கேட்கலாம். வைரஸும் சும்மா இருப்பதில்லை, மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று தாங்குகிற ரகம் நாளை தாங்காமல் போகலாம். ஆராய்ச்சி நிலையத்தில் அந்த வேலைக்கு ஓய்வு வயது கிடையாது.

அவ்வளவு பாடுபட்டு வந்த விதை, பெயர் கேட்காத கையில் ஒன்றுதான், மூட்டைத் தானியமும் ஒன்றுதான். அதனால் என் வேண்டுகோள் சின்னது. ரகத்தின் பெயரைக் கேளுங்கள். பையில் சான்று விதைக்குரிய நீல அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல ரகமே ஆனாலும், ஆரம்பத்தில் மஞ்சளாகத் தெரியும் செடியை அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். வரப்போரம் இரண்டு வரிசை மக்காச்சோளம் போட்டால் வெள்ளை ஈ உள்ளே வருவது குறையும்.

அந்தப் பெரியவர் அடுத்த தை மாதம் வந்தபோது, உளுந்து விதை இருக்கிறதா என்று கேட்கவில்லை. "வம்பன்ல எது வந்திருக்கு?" என்று கேட்டார்.