கிருமியும் குறைமாதமும்

லீல், பிரான்ஸ்

அன்புள்ள வசந்தா,

மகளுக்கு நாலாம் மாதம் என்றும், வெள்ளைப்படுகிறதென்று காட்டப் போன இடத்தில் டாக்டரம்மா ஸ்வாப் எடுத்துப் பார்த்து, பிறப்புறுப்பில் நல்ல கிருமி குறைந்து மற்றது பெருகியிருக்கிறது என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாய். மாப்பிள்ளை செல்போனில் தேடி, 'குறைமாதப் பிரசவம்' என்று படித்துவிட்டு வீட்டையே கலக்கிவிட்டாராமே. சம்பந்தியம்மா வேறு, சுத்தமாக இருக்கத் தெரியவில்லை என்றாராம். இந்தக் கிருமியால் குறைமாதப் பிரசவம் ஆகுமா என்ற உன் கேள்விக்கு முன்னால், சம்பந்தியம்மா சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: இது அழுக்கால் வருகிற நோயே இல்லை. சோப்பும் டெட்டாலும் போட்டு உள்ளே கழுவுகிறவர்களுக்குத்தான் இன்னும் எளிதாக வரும். இங்கே மருந்துக்கடை அலமாரியில் 'அந்தரங்க ஜெல்' என்று ஒரு வரிசையே அடுக்கியிருக்கிறார்கள். அங்கே டிவி விளம்பரத்தில் வருகிறதே, அதே சமாச்சாரம்தான். வெளிப்புறத்துக்குத் தண்ணீர் போதும், உள்ளே எதுவும் வேண்டாம்.

அந்த இடத்தைக் காப்பது லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியா. தயிரை உறைய வைக்கிறதே, அந்தக் கூட்டத்தின் உறவுக்காரர். லாக்டிக் அமிலம் சுரந்து அங்கே புளிப்பைக் காக்கிறது. அது குறைந்தால் கார்ட்னரெல்லா போன்றவை பெருகும்; சிலருக்கு மீன் வாடை வரும், பாதிப் பேருக்கு ஒன்றுமே தெரியாது. (தயிர் தின்றால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், தின்னட்டும். ஆனால் அதை மருந்தென்று நம்பும் அளவுக்கு ஆதாரமில்லை.) இப்படி உள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைமாதப் பிரசவ வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று ஆய்வுகள் சொல்லிக்கொண்டே வந்திருக்கின்றன. கிருமிகள் கருப்பை வாயைத் தாண்டி மேலேறி, பனிக்குடத்து உறையில் அழற்சியை உண்டாக்கி, வலியை முன்கூட்டியே கிளப்பிவிடுகின்றன என்பது விளக்கம். மாப்பிள்ளை படித்தது இதுவரைக்கும்தான்.

அப்படியானால் மாத்திரை கொடுத்துக் கிருமியைக் கொன்றுவிட்டால் ஆயிற்றே? லண்டனில் 494 பெண்களை வைத்துச் செய்து 2003-இல் வெளிவந்த ஆய்வு ஆமென்றது. கிளின்டாமைசின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் பிந்திய கருச்சிதைவோ குறைமாதப் பிரசவமோ நேர்ந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் பதினாறு பேருக்கு. டாக்டர்கள் மகிழ்ந்துபோனதில் தப்பில்லை. ஆனால் அமெரிக்காவில் மெட்ரோனிடசோல் என்ற வேறு மருந்தைக் கொடுத்துப் பார்த்து, 2000-ஆம் ஆண்டிலேயே பலனில்லை என்று எழுதியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த முரணுக்கு விடை தேட இங்கே லீல் டாக்டர்கள் முன்னின்றார்கள். பிரான்சின் 40 மருத்துவமனைகளில், கர்ப்பம் 14 வாரம் ஆவதற்கு முன்பே, 84,530 கர்ப்பிணிகளைச் சோதித்தார்கள். 5,630 பேருக்கு இந்தக் கோளாறு இருந்தது. அவர்களில் முன்பு குறைமாதப் பிரசவமோ பிந்திய கருச்சிதைவோ ஆகாத 2,869 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கிளின்டாமைசின், மறு பகுதிக்கு வெறும் மாத்திரை. 2018-இல் லான்செட்டில் முடிவு வந்தது. பிந்திய கருச்சிதைவோ மிகக் குறைமாதப் பிரசவமோ ஆனவர்கள் மருந்து தின்றவர்களில் 1.2 சதவீதம், தின்னாதவர்களில் 1.0 சதவீதம். மருந்தால் கூடுதலாகக் கிடைத்தது வயிற்றுப்போக்குதான்.

எனக்கு இதில் பெரியதாகப் படுவது அந்த ஒரு சதவீதம். கோளாறு இருந்தது, மருந்தும் கிடைக்கவில்லை. ஆனாலும் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் அந்த ஆபத்தில் சிக்கவில்லை. 'இரண்டு மடங்கு' என்றால் எதில் இரண்டு மடங்கு என்று செல்போன் சொல்லாது. ஏன் மருந்து பலிக்கவில்லை? கெட்டதைக் கொல்வதால் நல்லது திரும்பி வந்து குடியேறிவிடுவதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கருப்பை வாய் தாண்டி அழற்சி தொடங்கியபின் மாத்திரை என்ன செய்யும் என்பது இன்னொன்று. அறிகுறி இல்லாத, முன் ஆபத்தும் இல்லாத கர்ப்பிணிகளை இதற்காகச் சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்க வல்லுநர் குழுவும் 2020-இல் சொல்லிவிட்டது.

உன் மகள் கதை அப்படியல்ல. அவளுக்கு வெள்ளைப்படுதலோடு வாடையும் அரிப்பும் இருக்கிறது. ஆகவே டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிடட்டும், கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியதுதான். அவளுடைய தொல்லை தீர அது போதும். பிரசவத் தேதியை அந்த மாத்திரை காக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. தேதியைப் பற்றிக் கேட்க வேண்டியது வேறு கேள்வி: இருபதாவது வார ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் பார்ப்பார்களா? 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் புரொஜெஸ்டிரோன் என்று கைகொடுக்கிற மருந்து இருக்கிறது. நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, விட்டு விட்டு வயிறு இறுகினாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சம்பந்தியம்மாவிடம் இன்னொரு சேதியும் சொல்லலாம். 2025-இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வு: மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது பன்னிரண்டு வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, கணவனுக்கும் சேர்த்துக் கொடுத்தபோது 35 சதவீதம். கர்ப்பிணிகளை வைத்துச் செய்ததில்லை, அதனால் இப்போதே மாப்பிள்ளைக்கும் மாத்திரை வாங்காதே. ஆனால் அடுத்த தடவை டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும்போது அவரும் உள்ளே போய் உட்காரட்டும்.

அன்புடன்,
மீனா